தற்காப்பு – கையிலா, கருத்திலா?

தற்காப்பு என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவர் யார்? வெள்ளை உடையும் கறுப்புப் பட்டையும் அணிந்து, அடுக்கி வைத்த ஓடுகளை ஒரே வெட்டில் உடைக்கும் கராத்தே வீரர். அல்லது பத்துப் பேரை ஒற்றை ஆளாகப் பந்தாடும் திரைப்படக் கதாநாயகன். நம் அம்மாவோ, பாட்டியோ, காலையில் பால் வாங்கக் கடைக்குப் போகும் அத்தையோ நம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் தற்காப்பு யாருக்கு மிகவும் தேவை என்று எண்ணிப் பார்த்தால், அவர்களுக்குத்தான். வேலை முடிந்து இரவு 8 மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் தனியே நிற்பவர் அம்மா. எல்லோரும் வெளியே போன பின் பகலில் வீட்டைக் காப்பவர் பாட்டி. அவர்களுக்குக் கராத்தே பழக நேரமும் இல்லை. பாட்டியின் முழங்கால் அதற்கு இடம் கொடுக்கவும் செய்யாது!

அப்படியானால் சாதாரண மனிதர் தம்மைக் காத்துக்கொள்ள வழியே இல்லையா? இருக்கிறது. அது கை பலத்தில் தொடங்குவதில்லை, கருத்தில் தொடங்குகிறது. இதைப் பற்றிப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் படித்தும், கேட்டும், கலந்து பேசியும் அறிந்தவற்றை அன்புத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அச்சம் நம் பகைவன் அன்று

முதலில் அச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபத்து நேரும்போது நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கை நடுங்குகிறது. "ஐயோ, நான் கோழை" என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இரத்தத்தில் அட்ரீனலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாகத் துடித்துத் தசைகளுக்கு மிகுதியான இரத்தத்தை அனுப்புகிறது. உடல் ஓடவோ போராடவோ ஆயத்தமாகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டிலேயே இதை விளக்கி எழுதினார். ஆகவே நடுக்கம் என்பது பலவீனம் அன்று. உடல் நமக்காக வேலை தொடங்கிவிட்டது என்பதற்கான அறிகுறியே.

சில சமயம் உடல் ஓடவும் செய்யாது, போராடவும் செய்யாது. கல்லாய்ச் சமைந்து நின்றுவிடும். குரல் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். இதுவும் இயற்கையே. "நீ ஏன் கத்தவில்லை?" என்று பிறகு ஒருவரைக் கேட்பது, "உனக்கு ஏன் காய்ச்சல் வந்தது?" என்று கேட்பது போன்றதாகும். அந்தக் கட்டிலிருந்து மீள ஒரு சிறு வழி உண்டு. மூச்சை மெல்ல நீளமாக வெளியே விட வேண்டும். பிறகு ஒரு காலை எடுத்து வைக்க வேண்டும். ஓர் அடி நகர்ந்துவிட்டால் அடுத்த அடி எளிதாகும்.

தீயவரின் மூன்று கருவிகள்

கழுத்துச் சங்கிலியைப் பறிப்பவன், பேருந்தில் இடிப்பவன், நகையைப் பாலிஷ் போட்டுத் தருவதாக வீட்டு வாசலில் நிற்பவன், தொலைபேசியில் பயமுறுத்திப் பணம் கேட்பவன் – இவர்கள் யாவரும் வெவ்வேறு ஆட்கள். ஆனால் இவர்கள் கையாளும் கருவிகள் மூன்றே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அவை அவசரம், தனிமை, வெட்கம்.

"உடனே முடிவு செய்" என்று அவசரப்படுத்துவார்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று தனிமைப்படுத்துவார்கள். "வெளியே தெரிந்தால் உனக்குத்தான் அவமானம்" என்று வெட்கப்பட வைப்பார்கள். இம்மூன்றில் ஒன்றைப் பிடுங்கிவிட்டாலே அவர்கள் திட்டம் ஆட்டம் காணும். அவசரத்திற்கு மாற்று, நின்று யோசிப்பது. தனிமைக்கு மாற்று, ஆள் சேர்ப்பது. வெட்கத்திற்கு மாற்று, வாய் திறப்பது. இம்மூன்றையும் எந்த வயதினரும் செய்யலாம்.

தெருவில் நடக்கும்போது

கண்ணும் காதும் திறந்திருப்பதே முதல் தற்காப்பு. கைபேசியில் மூழ்கி, இரு காதிலும் கருவி மாட்டிக்கொண்டு நடப்பவர், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளின் ஓசையைக் கேட்பதில்லை. நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பதே முறை. முதுகுக்குப் பின்னால் வண்டி உரசிக்கொண்டு வர இடம் இராது. கைப்பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடாமல் சுவர்ப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். அம்மாக்கள் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டால் சங்கிலி வெளியே தெரியாது.

யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் என்ன செய்வது? சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ப் பார்க்கலாம். அவரும் கடந்து வந்தால் ஐயம் வலுப்படுகிறது. அப்போது நேரே வீட்டுக்குப் போகக் கூடாது; வீடு எது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தது போலாகும். வெளிச்சமும் ஆளும் உள்ள மருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ நுழைந்து, "அண்ணா, ஒருவர் என் பின்னாலேயே வருகிறார்; வீட்டுக்குப் போன் செய்து கொள்கிறேன்" என்று சொல்லலாம். வழியில் உள்ள கடைகளில் எவை இரவு எந்நேரம் வரை திறந்திருக்கும் என்பதைப் பகலிலேயே கவனித்து வைத்துக்கொள்வது நல்லது. "தயாராக இரு" என்பதுதானே நம் சாரணியர் இயக்கத்தின் தாரக மந்திரம்!

சங்கிலியையோ பையையோ ஒருவன் பற்றி இழுத்தால் அதை விட்டுவிடுவதே மேல். ஓடும் வண்டியோடு இழுபடும் உயிரைவிடப் பொன் பெரிதன்று. நகை போனால் நாளை வாங்கலாம். வண்டியின் எண்ணையும், ஓட்டியவன் சட்டை நிறத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டால் காவலர்களுக்கு அதுவே பேருதவி.

பேருந்தில் குரலே ஊக்கு

முன்பெல்லாம் பேருந்தில் போகும் பெண்கள் கையில் ஊக்கு வைத்திருப்பார்கள் என்று அத்தைமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊக்கைவிடக் கூர்மையான ஒன்று நம்மிடமே இருக்கிறது. அதுதான் குரல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்!" என்று பேருந்து முழுதும் கேட்கும்படி ஒருமுறை சொன்னால், இருட்டில் திருடுபவன் மேல் விளக்கடித்தது போலாகிவிடும். கெஞ்ச வேண்டாம், திட்டவும் வேண்டாம். குறுகிய வாக்கியம், நிமிர்ந்த தலை, உரத்த குரல் – இவை போதும். ஆனால் பழக்கமில்லாத குரல் அந்நேரத்தில் வராது. ஆகையால் வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்க வேண்டும். முதலில் சிரிப்பு வரும்; பரவாயில்லை, நாலாம் முறை வராது.

தமிழ்நாட்டு மோட்டார் வாகன விதிகளில் 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பெண்களுக்குத் தொல்லை தரும் பயணியை நடத்துநர் இறக்கிவிடலாம். காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும் செய்யலாம். ஆகவே நடத்துநரிடம் முறையிடுவது சலுகை கேட்பதாகாது, விதியை நினைவூட்டுவதாகும்.

கூட்டத்தில் உதவி கேட்பது எப்படி?

"அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் உதவவில்லையே" என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். மனிதர் மனம் கல்லாகிவிட்டது என்பது மட்டும்தானா காரணம்? 1968இல் அமெரிக்காவில் பிப் லட்டானே, ஜான் டார்லி என்னும் இரு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அறையில் மாணவர்களை உட்காரவைத்து, சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 100க்கு 75 பேர் எழுந்து போய்ச் செய்தி சொன்னார்கள். ஆனால் புகையைக் கண்டும் காணாதவர் போல் நடிக்கும் இருவரோடு சேர்ந்து இருந்தபோது, 100க்கு 10 பேரே சொன்னார்கள்! "மற்றவர் சும்மா இருக்கிறாரே, ஒன்றுமில்லை போலும்" என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து வாளாவிருந்துவிட்டனர்.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? "யாராவது காப்பாற்றுங்கள்" என்றால், அந்த "யாராவது" நான்தான் என்று ஒருவரும் எண்ணமாட்டார். ஆகவே ஆளைச் சுட்டிக் கேட்க வேண்டும். "நீலச் சட்டை போட்ட அண்ணா, 100க்குப் போன் செய்யுங்கள்! பூக்கூடை வைத்திருக்கும் அக்கா, என் பக்கத்தில் வந்து நில்லுங்கள்!" பெயர் சொல்லி அழைத்தது போல் அவர்கள் விழித்துக்கொள்வார்கள். அவ்வாறே, பிறருக்கு ஆபத்து நேரும்போது முதலில் எழுந்து கேட்பவர் நாமாக இருக்க வேண்டும். சண்டையிட வேண்டியதில்லை. தொல்லைக்கு ஆளான பெண்ணிடம் போய், "எத்தனை நாளாயிற்று உன்னைப் பார்த்து! இங்கே வந்து உட்காரம்மா" என்று தெரிந்தவர் போலப் பேசி அழைத்துக்கொண்டாலே போதும். அவளது தனிமை உடைந்துவிடும்.

கை ஓங்குவது எப்போது?

ஓட வழி இருக்கும்போது ஓடுவதே வெற்றி. வழியே இல்லாதபோது மட்டும் கை பேசலாம். கராத்தேயைத் தம் ஒகினாவாத் தீவிலிருந்து கொண்டுவந்து 1922 முதல் ஜப்பானின் பெருநகரில் பரப்பிய கிச்சின் ஃபுனாகோஷி அவர்களே, முதலில் தாக்குவது கராத்தே ஆகாது என்றுதான் தம் மாணவர்களுக்குப் போதித்தார். அடிக்க வேண்டி வந்தால் கண், மூக்கு, தொண்டை, முழங்கால் ஆகிய மென்மையான இடங்களே இலக்கு. நோக்கம் அவனை வீழ்த்துவதன்று. பிடியைத் தளர்த்தி ஓடுவதே. மிளகுத் தூவான் போன்றவற்றை வைத்திருப்போர், அது பையின் அடியில் கிடந்தால் பயனில்லை என்பதையும், எதிர்க்காற்றில் நம் கண்ணிலேயே படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த தற்காப்புரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இடம்பெற்றுள்ளது. தன் உடலையும் உடைமையையும் மட்டுமல்லாமல், பிறர் உடலையும் உடைமையையும் காக்க ஒருவருக்கு உரிமை உண்டு. ஆனால் காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. ஓடிப்போகிறவனைத் துரத்தி அடிப்பது தற்காப்பு ஆகாது.

வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு

கதவுச் சங்கிலியைப் போட்டபடியே வந்தவரிடம் பேசுவது மரியாதைக் குறைவு அன்று. "அடையாள அட்டையைக் காட்டுங்கள், மகனிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றால், உண்மையான ஊழியர் காத்திருப்பார், பொய்யர் நழுவிவிடுவார். "உன் சித்தப்பா அழைத்துவரச் சொன்னார்" என்று பள்ளி வாசலில் யாரேனும் வந்து நின்றால் கேட்பதற்கு, குடும்பத்துக்குள் ஓர் இரகசியச் சொல் வைத்துக்கொள்ளலாம். சொல் தெரியாதவரோடு போகக் கூடாது.

இப்போது தொலைபேசியில் காவல் அதிகாரி வேடமிட்டு, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், காமிராவை விட்டு நகராதீர்கள், யாரிடமும் பேசாதீர்கள்" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். படித்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். அவசரம், தனிமை, வெட்கம் மூன்றும் இதில் இருப்பதைக் கவனியுங்கள்! டிஜிட்டல் கைது என்ற ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. தொடர்பைத் துண்டித்துவிட்டு, வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்வதே மருந்து. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

நம் பக்கம் நிற்கும் சட்டங்கள்

1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த சிலரின் சீண்டலால் உயிரிழந்தார். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் இத்தகைய தொல்லைகளைத் தடை செய்யும் தனிச் சட்டம் பிறந்தது. அதற்கு முன்பே, 1992இல், சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 18 வயது நிறையாதவர்களைக் காக்க 2012இல் போக்சோ சட்டம் வந்தது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ பள்ளியையோ செய்தித்தாளில் வெளியிடுவதை அச்சட்டம் தடை செய்கிறது. சம்பவம் எந்த ஊரில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். சாட்சி சொல்ல வேண்டிய பெண்ணைக் காவல் நிலையத்திற்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. காவலர்தான் அவர் இருப்பிடத்திற்கு வந்து விசாரிக்க வேண்டும். "போலீசுக்குப் போனால் பெயர் கெட்டுவிடும்" என்று அஞ்சும் பெற்றோர் இவற்றை அறிந்துகொள்ள வேண்டுகிறோம்.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் சில: அவசர உதவிக்கு 112, காவல்துறைக்கு 100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. கைபேசி தொலைந்தால் அதிலுள்ள எண்களும் தொலையும். ஆகையால் பெற்றோர் எண்களும் நம் நினைவிலேயே இருக்கட்டும்.

பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம்

இதுவரை சொன்னவற்றைவிட முக்கியமான ஒன்றை இறுதியில் சொல்ல விழைகிறோம்.

அந்நியரைப் பற்றியே நமக்கு எச்சரிக்கை செய்கிறார்கள். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைப் பார்த்தால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 100க்கு 90க்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். தெரிந்தவரிடம் "வேண்டாம்" என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். கனடாவில் முதலாண்டுக் கல்லூரி மாணவியருக்கு இதையே, அதாவது பழகியவரிடமும் ஆபத்தை அடையாளம் காண்பதையும் தயங்காமல் மறுப்பதையும், தற்காப்பு அசைவுகளோடு சேர்த்து 12 மணி நேரம் கற்றுக்கொடுத்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, அடுத்த ஓராண்டில் பயிற்சி பெறாதவர்களில் 100க்கு ஏறக்குறைய 10 பேரும், பெற்றவர்களில் 5 பேருமே பெருங்கொடுமைக்கு ஆளாயினர். கருத்தில் தொடங்கும் தற்காப்பு வெறும் பேச்சன்று என்பதற்கு இது சான்று.

ஆனால் "வேண்டாம்" என்று சொல்லும் பெண், அடுத்து அதை வீட்டில் வந்து சொல்ல வேண்டும் அல்லவா? அங்கேதான் நாங்கள் தயங்குகிறோம். "வழியில் ஒருவன் தொல்லை தருகிறான்" என்று ஒரு மகள் சொன்னால், பல வீடுகளில் கிடைக்கும் பதில் என்ன? "நாளை முதல் டியூஷன் வேண்டாம்." "சைக்கிளை எடுக்காதே." "பள்ளி போதும், பத்தாவதோடு நிறுத்திக்கொள்." தவறு செய்தவன் தெருவில் திரிகிறான், தண்டனை மகளுக்குக் கிடைக்கிறது. இதை ஒருமுறை கண்டவள் மறுமுறை வாய் திறக்கமாட்டாள். அவள் மௌனத்தைத்தான் அத்தீயவன் எதிர்பார்த்தான். தனிமையும் வெட்கமும் ஆகிய அவன் கருவிகளை, நம் மீது கொண்ட அன்பினாலேயே, நம் வீட்டார் அவன் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

அன்புள்ள அம்மா, அப்பா! உங்கள் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான். நாங்கள் ஒன்றைச் சொல்ல வரும்போது, "நீ என்ன செய்தாய்?" என்று முதலில் கேட்காதீர்கள். "சொன்னது நல்லதாயிற்று, உன் மீது தவறில்லை, இனி என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்லுங்கள். சில நாள் கூடவே வாருங்கள், வழியை மாற்றுவோம், ஆசிரியையிடம் சொல்வோம், தேவையானால் புகார் கொடுப்போம். எங்கள் புத்தகப் பையை மட்டும் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.

தோழியரே! பூட்டிய அறையில் இருப்பவள் பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் அவள் ஒன்றும் கற்பதில்லை, பிறருக்கும் உதவுவதில்லை. கண்ணைத் திறந்து நடப்போம். குரலை எடுத்துப் பேசுவோம். அருகிலிருப்பவளைத் தனியே விடாதிருப்போம். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் இக்கட்டுரையைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். 112 என்ற எண்ணை அவர் கைபேசியில் எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொடுங்கள். குடும்பத்தின் இரகசியச் சொல்லை அவரே தேர்ந்தெடுக்கட்டும்!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு